உப்பு உருளைக்கிழங்கும் தொண்ணூற்று நாலும்

பேர் எழுதி ஒட்டாத பாட்டிலை நோர்மா சிப்ரியானோ கையால்கூடத் தொடமாட்டாள். அதை அங்கே வைத்தவரையும் லேசில் விடமாட்டாள். ராசெஸ்டருக்கு வடக்கே, ஏரிக்குப் போகிற சாலையில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் சாய ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இதுதான் சட்டம். என்ன கரைசல், யார் செய்தது, எந்தத் தேதி, மூன்றும் லேபிளில் இருக்கவேண்டும். இல்லாத பாட்டில் கழிவுத் தொட்டிக்குப் போகும். ஆய்வுக்கூடத்தின் தலைவர் லைல் வான் ஹூட்டன் வைத்த பாட்டிலுக்கும் அதே கதிதான். பாவம், பேராசிரியர் அவளுக்குப் பயந்தே சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவளுக்கு 'லேபிள் மாதா' என்று பேர் வைத்தது டெர்மட் ஃபீனி. கருவிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன், சிரக்யூஸ் ஊர்க்காரன், வாய் ஓயாதவன். காலையில் உள்ளே நுழையும்போதே அவள் மேஜைக்கு முன்னால் நின்று மார்பில் சிலுவை போட்டுக்கொள்வான். நோர்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உன் பாவத்துக்கு மன்னிப்புக் கிடையாது, போய் வேலையப் பாரு" என்பாள்.

இவ்வளவு கவனமானவளுக்குத்தான் இப்படி ஒரு தப்பு நடந்தது. கவனமில்லாதவளுக்கு நடந்திருக்கவே நடந்திருக்காது.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம், மே மாதக் கடைசி. வியாழக்கிழமை காலையில் ஒரு தடித்த உறை வந்தது. நோர்மாவின் கட்டுரை, பத்திரிகைக்காரர்கள் அச்சுக் கோத்துப் பிழை பார்க்க அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் திருத்தம் போய்ச் சேரவேண்டும். நோர்மா உறையைப் பிரித்து முதல் பக்கத்தை எடுத்தாள். தலைப்பைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த பேரைப் பார்த்தாள். நோர்மா சிப்ரியானோ. அதற்குப் பிறகுதான் லைல் வான் ஹூட்டன்.

இந்த ஆய்வுக்கூடத்திலிருந்து அவள் கைபட்டு முப்பத்தொரு கட்டுரைகள் போயிருந்தன. எல்லாவற்றிலும் அவள் பேர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'உதவிக்கு நன்றி' என்ற வரியில் இருந்தது. டாக்டர் பட்டம் இல்லாதவளுக்கு அது போதும் என்று உலகம் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், இந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கும்வரை. எடுத்தபிறகு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தை நகல் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாமா என்று யோசித்தாள். அப்புறம் வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

கட்டுரையின் விஷயம் சின்னதுதான். சாயத்தின் மூலக்கூறு வெளிச்சத்தை வாங்கி, கண் சிமிட்டுகிற நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட வைத்திருக்காமல், வேறு நிறத்தில் திருப்பித் தருகிறது. ஆனால் வாங்கியதையெல்லாம் தந்துவிடாது. குழந்தை கையில் தம்ளர் நிறையப் பாலைக் கொடுத்து அனுப்பினால் எவ்வளவு வந்து சேரும் என்பது குழந்தை எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. நோர்மாவின் சாயத்தில் உடம்பு என்பது தட்டையான சில வளையங்கள். அதன் ஓரத்தில் ஒரு நைட்ரஜன், அதிலிருந்து இரண்டு கைகள். கைகள் தொளதொளவென்று தொங்கினால், வாங்கிய வெளிச்சத்தை அவை முறுக்கியும் திரும்பியும் ஆடியே தீர்த்துவிடும். தண்ணீரில் இந்த ஆட்டம் இன்னும் மோசம். அதனால்தான் எண்ணெயிலும் சாராயத்திலும் ஜொலிக்கிற சாயங்கள் தண்ணீரில் விட்டால் சோர்ந்துபோகின்றன.

அந்த இரண்டு கைகளையும் மடக்கி உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன என்று நோர்மா கேட்டாள். லைல் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாராயத்துல சரி. தண்ணில கையைக் கட்டினாலும் ஒண்ணுதான், கழுத்தைக் கட்டினாலும் ஒண்ணுதான் நோர்மா. தண்ணியே வெளிச்சத்தைக் குடிச்சிடும்."

"கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் நோர்மா.

கட்டிப் பார்க்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரே சாயத்தைத் தொங்கு கையோடு ஒன்று, கட்டிய கையோடு ஒன்று என இரண்டாகச் செய்தாள். பதினோரு தடவை தார் மாதிரி ஏதோ வந்தது. பன்னிரண்டாவது தடவை மஞ்சள் ஊசிகளாகப் படிகம் இறங்கியது. அதற்குப் பிறகு அளக்கவேண்டியதுதான் பாக்கி.

ஒரு சாயம் நூறு பங்கு வெளிச்சம் வாங்கினால் எத்தனை பங்கு திருப்பித் தருகிறது என்பதை நேராக அளப்பது பெரும்பாடு. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தராசில் காய் நிறுப்பதுபோல்தான் செய்கிறார்கள். ஒரு தட்டில் புதுச் சாயம், மறு தட்டில் ஊரறிந்த எடைக்கல். அவர்களுடைய எடைக்கல் கொய்னா, மலேரியாவுக்குக் கொடுக்கிற அதே கசப்பு மருந்து. அதை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்தால் நூற்றுக்கு ஐம்பத்து நாலு திருப்பித் தரும். இது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட எண்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நோர்மா புதிதாகக் கொய்னாக் கரைசல் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அமிலத்தின் வீரியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பி.எச். மீட்டரின் கண்ணாடிக் குச்சியை அந்தப் பாட்டிலுக்குள்ளேயே விட்டாள். முள் நிற்பதற்குள் ரேடியோவில் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. கட்டடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். குச்சியை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். மூன்று நாள் சாலை திறக்கவில்லை. திங்கட்கிழமை வந்து குச்சியை எடுத்துக் கழுவி, பாட்டிலை மூடி, லேபிள் ஒட்டி, வெளிச்சம் அளக்கும் கருவிமுன் உட்கார்ந்தாள்.

தொங்கு கைச் சாயம் நூற்றுக்குப் பதினொன்று. கட்டிய கைச் சாயம் தொண்ணூற்று நாலு. தண்ணீரில். அவள் மூன்று தடவை அளந்தாள், மூன்று தடவையும் அதே எண். லைல் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே தலைப்பில் 'தொண்ணூற்று நாலு' என்று எழுதியவரும் அவர்தான், அவள் பேரை மேலே போட்டவரும் அவர்தான். தோற்றதை இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடிய மனிதரை நோர்மா பார்த்ததில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. கட்டுரை அச்சுக் கோத்து வருகிற அன்று நாலு மணிக்குக் காப்பி அறையில் எல்லாரும் கூடவேண்டும். திரையை இழுத்து இருட்டாக்கி, புற ஊதா விளக்கைப் போட்டு, கொய்னா கலந்த கசப்பு சோடாவை ஜின்னோடு ஊற்றிக் குடிக்கவேண்டும். அந்த விளக்கில் கிளாஸ்கள் நீலமாக ஜொலிக்கும். வயதான மூன்று பேர் இருட்டறையில் நீல வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு நிற்பது வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ மந்திரவாதம் மாதிரிதான் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை டெர்மட் மத்தியானமே வீட்டுக்குப் போய் மின்சாரச் சட்டி ஒன்றைச் சுமந்து வந்திருந்தான். உள்ளே உப்பு உருளைக்கிழங்கு. சிரக்யூஸ்காரர்கள் குட்டிக் கிழங்கைக் கடல் தண்ணீரைவிடக் கரிக்கிற உப்புத் தண்ணீரில் வேகவைத்து, தோலில் உப்புப் பூத்ததும் வெண்ணெயில் முக்கித் தின்பார்கள்.

"இது ரத்தக் கொதிப்புக்கு நல்லதா டெர்மட்?" என்று கேட்டார் லைல்.

"ரத்தம் கொதிக்கும், மனசு குளிரும். சாப்பிடுங்க பெரியவரே. எங்க ஊர்ல தொண்ணூறு வயசு வரைக்கும் இதைத் தின்னவங்க இருக்காங்க."

"தின்னாதவங்க?"

"அவங்க நூறு வரைக்கும் இருக்காங்க. ஆனா அது ஒரு வாழ்க்கையா?"

விளக்கைப் போட்டார்கள். மூன்று கிளாஸும் நீலமாயின. லைல் ஒரு கையில் கிளாஸை எடுத்தார். மறு கையில், இதற்காகவே எடுத்துவந்திருந்த சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நோர்மாவின் சாயம், கட்டிய கை, வெறும் தண்ணீரில். குப்பி நல்ல தெளிவான நீலப் பச்சையில் நின்றது.

"முதல் பேருக்கு" என்றார் லைல்.

"மாதாவுக்கு" என்றான் டெர்மட். சொல்லிக்கொண்டே அவள் தட்டில் ஒரு கிழங்கை வைக்கக் கை நீட்டினான். இருட்டில் குறி தப்பிக் கிழங்கு அவள் கிளாஸுக்குள் விழுந்தது.

கிழங்கு சுற்றிக்கொண்டு அடியில் போய் உட்கார, உப்பு கரையக் கரைய நீலம் மங்கிக்கொண்டே வந்து, பாதிக்குப் பாதி ஆகி நின்றது. மூன்று பேரும் சிரித்தார்கள். உப்பு கொய்னாவின் வெளிச்சத்தைத் திருடும் என்பது அவர்களுக்கு அரிச்சுவடி. பள்ளிப் பிள்ளைகள் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்தால் லைல் செய்துகாட்டுகிற வித்தையே அதுதான்.

"செத்துப்போச்சு. வேற ஊத்தறேன் குடு" என்றான் டெர்மட்.

"இருங்க, இருங்க" என்று லைல் குப்பியை அவளுடைய மங்கிய கிளாஸுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இதப் பாருங்க. மார்ச்சுல கருவி காட்டினது இதுதான். கொய்னா இங்க, நம்ம சாயம் அங்க. தொண்ணூற்று நாலு கண்ணுக்கே தெரியுது."

நோர்மா பார்த்தாள். குப்பி ஜொலித்தது, கிளாஸ் சோர்ந்து நின்றது. ஆமாம், இப்படித்தான் இருந்தது. பிறகு அவள் கண் தானாகவே டெர்மட்டின் கிளாஸுக்குப் போயிற்று. அதில் உப்பு விழவில்லை. அதன் பக்கத்தில் குப்பியை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமமாகத்தான் இருந்தன. உற்றுப் பார்த்தால் கிளாஸ் ஒரு பிடி அதிகம்கூட.

கண் அளவுகருவி ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரைசலின் அடர்த்தி வேறு, கிளாஸின் கனம் வேறு. எல்லாம் சரி. ஆனால் அவள் மறுபடியும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்று நாள் பாட்டிலுக்குள் நின்ற அந்தக் கண்ணாடிக் குச்சி கண்முன்னால் வந்து நின்றது. அந்தக் குச்சியின் வயிற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். அதன் நுனியில் ஒரு நுண்துளை உண்டு. அதன் வழியாக உப்பு கொஞ்சங் கொஞ்சமாகக் கசியும், கசிந்தால்தான் மீட்டர் வேலை செய்யும். ஒரு நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. மூன்று நாளில்?

"கை கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மார்ச் மாதப் பாட்டில் அலமாரியில் இருந்தது. லேபிள் ஒட்டிய எதையும் அவள் எறிகிறவள் இல்லையே. கொய்னா, நோ.சி., தேதி. சதுர எழுத்து அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள். உப்பு இல்லாவிட்டால் தெளிவாகவே இருக்கும். பால் தெளித்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது.

எடைக்கல் பாதியாகத் தேய்ந்திருந்தால் காய் இரண்டு மடங்கு கனமாகத்தான் தெரியும். மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் அதே எண் வந்ததில் என்ன ஆச்சரியம், மூன்று தடவையும் அதே பாட்டில்தானே. டெர்மட் அந்த மாதம்தான் கருவிக்குப் புது விளக்கு மாட்டியிருந்தான். அதனால் கொய்னா முன்னால் எவ்வளவு காட்டியது என்று ஒத்துப்பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

டெர்மட் தட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். வெள்ளையாக நின்ற குழாயைப் பார்த்தான். அவனுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"புயலுக்கு அப்புறம் குச்சிக்குள்ள தண்ணி குறைஞ்சிருக்கு, நீ சரியா ரொப்பலைன்னு என்னைத் திட்டினியே" என்றான் மெதுவாக. "அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு நாம யோசிக்கல."

"நான் யோசிச்சிருக்கணும்."

"வேற எவனாவது அதுக்குள்ள குச்சியை விட்டிருப்பானா? நீ ஒருத்திதான் விடுவே. ரொம்பச் சுத்தம் பாத்தா இப்படித்தான்."

அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். மேஜைமேல் அந்த உறை கிடந்தது. அவள் நினைத்தது கொய்னாவைப் பற்றி அல்ல, தன் பேரைப் பற்றித்தான். சொன்னால் கட்டுரை நின்றுபோகும். நின்ற கட்டுரை மறுபடி போகும் என்று என்ன நிச்சயம்? அவளுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பத்தொரு நன்றிக்குப் பிறகு ஒரே ஒரு தடவை மேலே வந்த பேர், காலையில் வந்து மறுநாள் சாயங்காலமே போய்விடும். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. டெர்மட் இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

"பாட்டிலத் தூக்கிக் கொட்டிடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் டெர்மட். கேலியாகச் சொன்னானா, ஆழம் பார்த்தானா என்று அவளுக்குப் புரியவில்லை.

"லேபிள்ல என் கையெழுத்து இருக்கு."

"அதையும் கிழிச்சிடு."

நோர்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அந்தப் பார்வைக்கு எத்தனையோ தடவை பயந்திருக்கிறான். இந்தத் தடவை சிரித்தான்.

"அதானே பாத்தேன். சரி, கருவியச் சூடு பண்ணி வைக்கட்டுமா?"

"வை. அந்தக் குச்சி என் கண்ணுல படக் கூடாது."

லைலிடம் நோர்மாவுக்குத் தலைவலி என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோர்மா புதிதாகக் கொய்னா நிறுத்தாள். புது அமிலம், புதுப் பாட்டில், லேபிள். ஆறு மணிக்குக் கருவியின் முன்னால் உட்கார்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில் இருந்தது, மாணவர்கள் புல்லில் பிளாஸ்டிக் தட்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவர்கள்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது.

முதலில் கட்டிய கை. முள் எழுந்து நின்றது. அவள் பென்சிலால் கணக்குப் போட்டாள். ஐம்பத்திரண்டு.

தொண்ணூற்று நாலு போயே போயிற்று. டெர்மட் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடிக்கொண்டது அவளை இன்னும் பயமுறுத்தியது.

இனித் தொங்கு கை. எடைக்கல் தேய்ந்திருந்தது இரண்டு சாயத்துக்கும் பொதுதான், ஆகவே இதுவும் அதே கணக்கில் இறங்கத்தான் வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் தன் கைமேலேயே நம்பிக்கை போனவளுக்கு எந்தக் கணக்கும் துணைக்கு வராது. மார்ச்சில் இன்னும் என்னென்ன கோளாறு செய்தோமோ, இது முப்பது காட்டினால் கையைக் கட்டியதே வீண், லைல் சொன்னதுதான் சரி. குப்பியைத் துடைத்துக் கருவிக்குள் வைத்தாள்.

ஆறு. ஆறுக்குத் துளி மேலே.

மறுபடி வைத்தாள். ஆறு. புதுக் கொய்னாவில் இன்னொரு பாட்டில் செய்து, அதை வைத்து அளந்தாள். ஆறேதான். ஐம்பத்திரண்டை ஆறே சொச்சத்தால் வகுத்தாள், எட்டரை வந்தது. மார்ச் மாத நோட்டை எடுத்துத் தொண்ணூற்று நாலைப் பதினொன்றால் வகுத்தாள். எட்டரை.

"டெர்மட்" என்றாள். "கையைக் கட்டினா எட்டரை மடங்கு. உப்பு இருந்தாலும் எட்டரை, இல்லாட்டியும் எட்டரை."

"அப்ப நீ சொன்னதுதான் சரியா?"

"நான் சொன்னது சரி. எண்ணுதான் தப்பு."

அவளுக்குப் பசித்தது. தட்டிலிருந்த கிழங்கு ஆறிப்போய், வெண்ணெய் உறைந்து கிடந்தது. எடுத்துத் தின்றாள், நன்றாக இருந்தது. அன்றிரவு அவள் தூங்கினாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு லைலின் அறைக்குப் போனாள். நோட்டு, பழைய பாட்டில், வெள்ளை திரண்ட குழாய், மூன்றையும் அவர் மேஜையில் வரிசையாக வைத்தாள். குச்சி, புயல், உப்பு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். லைல் குழாயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தலைப்புலயே எண் இருக்கு" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"பாஸ்டன்ல நாலு பேருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். தலைல தூக்கி வெச்சு ஆடினேன்."

"அதுவும் தெரியும்."

"உங்களுக்குக் கோவம் வரலையா நோர்மா? எனக்கு வருது. யார்மேலன்னுதான் தெரியல." எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நோர்மா உட்காரவில்லை. இனி அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றுகொண்டிருந்தாள். பேரை எடுத்துவிடலாம் என்றால் சரி என்று சொல்லவும் வாயில் ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தாள்.

லைல் திரும்பி வந்து அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். எட்டரை, எட்டரை என்று இரண்டு இடத்தில் அவள் அடிக்கோடு போட்டிருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இத நீங்க முன்னாலயே சொல்லிருக்கணும்."

"இப்பத்தானே அளந்தேன்."

"அது இல்ல. எண்ணைத் தலைப்புல போட்டது யாரு? நான். நீங்க ரெண்டு வருஷமா என்கிட்ட மல்லுக்கு நின்னது எண்ணுக்காகவா? கையைக் கட்டினா தண்ணிலயும் எரியும்னு சொன்னீங்க. நான் எரியாதுன்னேன். எரியுது. எட்டரை மடங்கு எரியுது. அப்ப நான் தோத்தது தோத்ததுதானே?"

"ஆமா" என்றாள் நோர்மா. அதைச் சொல்லும்போது அவளால் சிரிக்காமல் இருக்கமுடியவில்லை.

"அப்ப அதையே தலைப்பாப் போடுங்க. எண்ணையெல்லாம் மாத்துங்க. படத்தைத் திரும்பப் போடணும். ரெண்டு மாசம் தள்ளிப்போவும், போவட்டும்." நோட்டை அவளிடம் திருப்பித் தந்தார். "குச்சி விஷயத்தையும் எழுதணுமா?"

"எழுதணும். எத்தனை பேர் அதுக்குள்ள குச்சியை விட்டுட்டு வீட்டுக்குப் போறாங்களோ."

"உங்களை மாதிரி இன்னொருத்தர் இருப்பாங்கன்னு நான் நம்பல. எழுதுங்க." மேஜையிலிருந்த ஃபோனை அவள் பக்கம் தள்ளினார். "பத்திரிகை ஆபீஸுக்குச் சொல்லணும். அச்சை நிறுத்தச் சொல்லுங்க."

"நானா? உங்களைத்தானே அவங்களுக்குத் தெரியும்."

"முப்பத்தொரு தடவை நான் பேசினேன். என் பேரு மேல இருந்துச்சு, பேசினேன். இந்தத் தடவை யார் பேரு மேல இருக்கோ அவங்கதான் பேசணும்."

நோர்மா உட்கார்ந்தாள். கூடவே கொண்டுவந்திருந்த உறையின் மூலையில் அச்சிட்டிருந்த எண்ணைச் சுழற்றினாள். ஃபோனில் மணி நாலு தடவை அடித்தது. வாசலில் டெர்மட் ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அங்கே என்னவோ வேலை இருப்பதுபோல் நின்றான். ஒரு பெண் எடுத்தாள். நோர்மா கட்டுரையின் எண்ணைச் சொல்லி, அச்சை நிறுத்தவேண்டும் என்றாள்.

"அதெல்லாம் நீங்க சொன்னா முடியாதுங்க" என்றாள் அந்தப் பெண், பணிவாகத்தான். "டாக்டர் வான் ஹூட்டனோட உதவியாளரா பேசறீங்களா? எழுதினவங்கதான் சொல்லணும். அவரைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

நோர்மா எதிரே இருந்தவரைப் பார்த்தாள். அவர் வேண்டுமென்றே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதினது நான்தாங்க" என்றாள். "நோர்மா சிப்ரியானோ. உங்க கையில இருக்கற தாள்ல முதல் பேரு என்னுதுதான், பாருங்க. அதுல ஒரு எண்ணு தப்பு. தப்பும் என்னுதுதான்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ஆமாங்க, இருக்கு" என்றாள் அந்தப் பெண். "சொல்லுங்க டாக்டர் சிப்ரியானோ, எழுதிக்கறேன்."

"டாக்டர் இல்லைங்க, வெறும் நோர்மா. அதையும் எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு, நோட்டைப் பிரித்து, எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள்.